சிசேரியனுக்கு ஃபுல் மயக்கம் குடுத்தாங்க, எட்டு மாசமாகியும் மறதி போகலை. மயக்க மருந்துதான் காரணமா?

கணக்குப்புள்ள_பாலக்கோடு
திங்கள், இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். வயசு 27, பாலக்கோடு பக்கம் ஒரு ஊரு. பொண்ணுக்கு இப்ப எட்டு மாசம் நடக்குது.

வயித்துல ஒன்பதாம் மாசம் பொறந்த நேரம். ஒரு நாள் சாயங்காலம் வயிறு கல்லாட்டம் இறுகி ரத்தம் போக ஆரம்பிச்சிடுச்சு. 108 வச்சு தருமபுரிக்குக் கொண்டுபோனாங்க. குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே நஞ்சுக்கொடி பிரிஞ்சிடுச்சு, முதுகுல ஊசி போடுற நிலைமை இல்லன்னு சொல்லி ஃபுல் மயக்கம் குடுத்து ஆபரேஷன் பண்ணாங்க. குழந்தை நல்லாருக்கா, அந்த டாக்டருங்களுக்குக் கும்புடு போடணும்.

எனக்குத்தான் மூளை வேலை செய்யல. நான் ஊரு பால் சொசைட்டியில கணக்கு எழுதுறவ. 140 மெம்பர். யார் தூக்கோட வந்து நின்னாலும் நம்பர் கேக்காம எழுதிடுவேன். இப்ப பக்கத்து வீட்டு அண்ணி வந்து நின்னாலே "உங்க நம்பர் என்ன"ங்கறேன். போன வாரம் ஃபேட் (கொழுப்பு) கட்டத்துல 28ன்னு எழுதியிருக்கேன். அது பாலோட அடர்த்தி பார்க்குற லாக்டோமீட்டர் ரீடிங். "என்னம்மா, ஃபேட் 28னா இது பாலா, பாலாடையா"ன்னு செகரட்டரி சிரிச்சாரு. வரிசையில நின்னவங்களும் சிரிச்சாங்க. நான் உள்ள போய் கேன் கழுவுற இடத்துல நின்னு அழுதுட்டு வந்தேன்.

பேசும்போது சொல்லு நாக்கு நுனியில நின்னுடுது. மத்தியானம் ரெண்டு மணிக்கே உடம்பு சாஞ்சுடுது. மயக்க ஊசி மூளையை மழுக்கிடுச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. அது நெசமா? திரும்ப சரியாகுமா?


ஓசூர்_ஷிஃப்ட்
திங்கள், இரவு 10.41

எனக்கு முதுகுல ஊசிதான் போட்டாங்க, ஃபுல் மயக்கம் இல்ல. அப்படியும் ஒரு வருஷம் இதே கதைதான் சகோ. ஒரு நாள் செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுல இறங்கி, ரெண்டு வருஷம் முன்னாடி காலி பண்ணின வாடகை வீட்டு கேட்டைத் தள்ளிட்டு நின்னேன். நாய் குரைச்சதும்தான் சுதாரிச்சேன். தூக்கமில்லாம இருந்தா யாருக்கும் இப்படித்தான். போகப் போக சரியாயிடும், பயப்படாதீங்க.


அரூர்_மூலிகை
திங்கள், இரவு 11.05

மயக்க மருந்து மூளை நரம்பைச் சுருக்கும். ஆஸ்பத்திரியில இதைச் சொல்ல மாட்டாங்க, கையெழுத்து மட்டும் வாங்கிப்பாங்க. ஃபுல் மயக்கம் வாங்கினவங்களுக்கு மறதி. ஒரு மண்டலம் காலையில வெறும் வயித்துல வல்லாரைச் சாறு குடிங்க, எல்லாம் வெளியேறிடும்.


நைட்டுடூட்டி_மயக்கம்
செவ்வாய், அதிகாலை 2.30

நான் மயக்க மருத்துவர். கிருஷ்ணகிரி மாவட்டம். தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்து எழுதுறேன், அடுத்த கேஸ் வந்தா பாதியில போயிடுவேன்.

சகோதரி, அவசரத்துல நேரமில்லைங்கறது மட்டும் காரணமில்லை, உங்க டாக்டர் "நிலைமை இல்லை"ன்னு சொன்னது சரியான வார்த்தை. முதுகு ஊசி போட்டா ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் இறங்கும். ஏற்கெனவே ரத்தம் கொட்டிக்கிட்டிருக்கிற ஆளுக்கு அது தாங்காது. நஞ்சு பிரியும்போது ரத்தம் உறையுற தன்மையும் கெட்டுப்போகலாம். அப்ப முதுகுல ஊசி போட்டா தண்டுவடத்துக்குப் பக்கத்துல ரத்தம் கட்டிக்கும் ஆபத்து இருக்கு. அந்த இடத்துல நானா இருந்தாலும் ஃபுல் மயக்கம்தான் குடுத்திருப்பேன்.

மருந்து என்ன ஆகுதுன்னு சொல்றேன். தூங்க வைக்க புரோபோஃபால் மாதிரி ஒரு ஊசி, தசை தளர சக்சினைல்கோலின், அப்புறம் சீவோஃப்ளூரேன் மாதிரி ஒரு வாயு. புரோபோஃபால் மூளையை விட்டுச் சில நிமிஷத்துல மத்த திசுவுக்குப் பரவிடும். வாயு மூச்சு வழியாவே வெளிய போயிடும். 24 மணி நேரம் வண்டி ஓட்டாதே, பத்திரத்துல கையெழுத்துப் போடாதேன்னு சொல்றது அந்த மந்தத்துக்காகத்தான். எட்டு மாசம் உடம்புல தங்குற மருந்து இதுல எதுவுமில்லை. அதனால அரூர் ஐயா, "வெளியேத்த" ஒண்ணும் மிச்சமில்லைங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஞாபகம் குறையுறதுன்னு ஒண்ணு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனா அது பெரும்பாலும் வயசானவங்க சமாச்சாரம். 1998-ல வெளியான பன்னாட்டு ஆய்வு ஒண்ணு இருக்கு. 60 வயசைத் தாண்டின 1,218 பேரைப் பார்த்தாங்க. ஒரு வாரத்துல 25.8 சதவீதம் பேருக்குக் குறைவு தெரிஞ்சது, மூணு மாசத்துல 9.9 சதவீதம். 2003-ல அதே குழுவினர் அதே வயசுக்காரங்கள்ல ஃபுல் மயக்கத்தையும் மரப்பு ஊசியையும் (முதுகு ஊசி மாதிரி, ஒரு பகுதியை மட்டும் மரக்க வைக்கிறது) ஒப்பிட்டாங்க. மூணு மாசத்துல வித்தியாசமே இல்லை. மருந்து மட்டுமே வில்லன்னா மரப்பு ஊசிக்காரங்க தப்பிச்சிருக்கணுமே? வெட்டுக்காயம் கிளப்பற அழற்சி, ரத்தக்குறைவு, வலி, தூக்கக்கேடு எல்லாம் சேர்ந்து பண்ற வேலை அது. 27 வயசுல ஒரு மணி நேர மயக்கம் எட்டு மாசம் கழிச்சும் ஞாபகத்தைத் தின்னுதுன்னு சொல்ல ஆதாரம் கிடையாது.

அதுக்காக உங்க மறதி பொய்னு சொல்லலை. காரணம் வேற இடத்துல இருக்கலாம்னு சொல்றேன். சில விஷயம் தெரியணும். எத்தனை பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க? பிரஷர் ரொம்ப இறங்கி ஐசியூவுல வச்சாங்களா? தாய்ப்பால் வந்துச்சா? மாசவிலக்கு திரும்பிடுச்சா? ஹீமோகுளோபின் இப்ப எவ்வளவு, தைராய்டு பார்த்தீங்களா? தயங்காம சொல்லுங்க, இங்க யாரும் யாரையும் தெரிஞ்சவங்க இல்லை.


காவேரிப்பட்டணம்_மாங்கா
செவ்வாய், காலை 7.15

டாக்டர் சார், நடுவுல புகுறதுக்கு மன்னிக்கணும். என் சம்சாரத்துக்கும் ஃபுல் மயக்கம்தான். பையனுக்கு ஒன்றரை வயசு, இன்னும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசலை. வயித்துக்குள்ள மருந்து போய் அவன் மூளையைப் பாதிச்சிருக்குமான்னு ராத்திரியெல்லாம் யோசனை.


நைட்டுடூட்டி_மயக்கம்
செவ்வாய், காலை 8.50

மருந்து நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும், உண்மை. அதனாலதான் வயித்தைத் துடைச்சு, துணி விரிச்சு, சர்ஜன் கத்தியைக் கையில வச்சிருக்கும்போதுதான் நாங்க மயக்க ஊசி போடுவோம். குழந்தை வெளிய வர சில நிமிஷம். பொறந்ததும் கொஞ்சம் சோம்பலா இருக்கலாம், மூச்சுக்கு உதவி வேண்டியிருக்கலாம்.

நாள்பட்டு என்ன ஆகுதுன்னு அமெரிக்காவுல மினசோட்டாவின் ஓம்ஸ்டெட் கவுண்டியில் பார்த்தாங்க. 1976-லிருந்து 1982-க்குள்ள பொறந்த 5,320 குழந்தைங்களோட பள்ளிப் பதிவு. அதுல 193 பேர் ஃபுல் மயக்க சிசேரியன். படிப்புக் குறைபாடு அவங்களுக்குக் கூடுதலா இல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் சின்னக் குழந்தைங்களோட மூளை பத்தி 2016 டிசம்பர்ல குடுத்த எச்சரிக்கையை வாட்ஸாப்பில் சுத்த விடுவாங்க. அது மூணு மணி நேரத்துக்கு மேல, இல்லைன்னா திரும்பத் திரும்ப மயக்கம் குடுக்கறதைப் பத்தினது. உங்க பையனுக்குக் கிடைச்சது சில நிமிஷம்.

பேச்சு தாமதத்தை மயக்கத்து மேல போட்டுட்டு உட்கார்ந்துடாதீங்க. காது கேக்குதான்னு முதல்ல சோதிங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறானா, கை காட்டிக் கேக்கறானா? மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கும், அங்க காட்டுங்க. ஃபோனைக் கையில குடுக்கறதை நிறுத்துங்க. (என் வீட்டுலயும் இதே சண்டைதான்.)


தேன்கனிக்கோட்டை_டீச்சர்
செவ்வாய், மதியம் 1.30

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஃபுல் மயக்கத்தில் இருந்தபோது எனக்குப் பேச்சு கேட்டது. "பக்கெட்டை நகர்த்து" என்று ஒருவர் சொன்னார். வயிற்றில் யாரோ அரிசி மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் விரலை அசைக்க முடியவில்லை. செத்துப் போய்விட்டேன் என்றே நினைத்தேன். வார்டில் சொன்னதற்கு, கனவு என்றார்கள். நான்கு வருடம் ஆகிறது. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று எங்கே விட்டேன் என்பது தெரியாமல் நின்றுவிடுகிறேன். இதையும் மறதி என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.


நைட்டுடூட்டி_மயக்கம்
செவ்வாய், மாலை 4.10

டீச்சர், அது கனவில்லை. அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

பிரிட்டன்ல 2014-ல வந்த தேசியத் தணிக்கையில, மயக்கத்துல விழிப்பு வந்ததா பதிவானது மொத்தத்துல 19,000-க்கு ஒருத்தர். சிசேரியன்ல மட்டும் 670-க்கு ஒருத்தர். தாய்மார்கிட்ட நேரடியா கேள்வி கேட்ட 2021 ஆய்வுல 256-க்கு ஒருத்தர்னு வந்துச்சு. கேட்டாத்தான் சொல்றாங்கன்னு அர்த்தம். ஏன் சிசேரியன்ல அதிகம்னா, அவசரம். ஊசி மருந்து இறங்கற நேரமும் வாயு ஏறுற நேரமும் நடுவுல ஒரு சந்து விழும். வாயுவைக் கூட்டி வச்சா கர்ப்பப்பை தளர்ந்து ரத்தம் போகும்னு நாங்க குறைச்சும் வைப்போம். தசை தளர்த்தி போட்டிருக்கிறதால உங்களால அசைய முடியாது.

நீங்க சொல்ற "திடீர்னு நின்னுடறது" மறதி மாதிரி எனக்குத் தெரியலை. அதிர்ச்சி மனசுல தங்கினா இப்படி வரும். மனநல மருத்துவரைப் பாருங்க, குணமாகிற விஷயம். டெலிமனஸ்னு அரசோட மனநல உதவி எண் 14416-க்கு இப்பவே கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க. இன்னொண்ணு, அடுத்து எந்த ஆபரேஷன்னாலும் மயக்க டாக்டர்கிட்ட முதல்லயே இதைச் சொல்லிடுங்க.


கேள்விக்குறி
செவ்வாய், மாலை 6.00

டாக்டர் தொடர்ந்து மருந்துக்கு வக்காலத்து வாங்குற மாதிரி இருக்கு. நியூயார்க் மாநிலத்தில் 2006 முதல் 2013 வரை நடந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்து 2020-ல் ஒரு கட்டுரை வந்தது. ஃபுல் மயக்கம் வாங்கினவங்களுக்குக் பிரசவத்துக்குப் பிந்தைய கடுமையான மனச்சோர்வு வாய்ப்பு 54 சதவீதம் அதிகம். அதை ஏன் சொல்லலை? மனச்சோர்வு வந்தா கவனமும் ஞாபகமும்தானே முதல்ல போகும்?


நைட்டுடூட்டி_மயக்கம்
செவ்வாய், இரவு 9.30

நல்ல கேள்வி, நானே சொல்லியிருக்கணும். அந்தக் கட்டுரை சரியானதுதான். ஆனா யாருக்கு ஃபுல் மயக்கம் குடுக்கறோம்? ரத்தம் கொட்டறவங்களுக்கு, ஃபிட்ஸ் வந்தவங்களுக்கு, தொப்புள்கொடி வெளிய வந்துட்டவங்களுக்கு. சோர்வை மருந்து கொண்டுவந்துச்சா, அந்த ராத்திரி கொண்டுவந்துச்சான்னு இந்த மாதிரி ஆய்வுல பிரிச்சுச் சொல்ல முடியாது. கணக்குல எவ்வளவு சரிக்கட்டினாலும் மிச்சம் நிக்கும். மருந்துக்குப் பங்கே கிடையாதுன்னு நானும் அடிச்சுச் சொல்ல மாட்டேன். குழந்தை பொறந்ததைப் பார்க்காம, முதல் அழுகையைக் கேக்காம முழிக்கிற அம்மாவுக்கு அது ஒரு இழப்புதான். கண் முழிச்சதும் வலியும் ஜாஸ்தி.

அதனால ஃபுல் மயக்கம் வாங்கின ஒவ்வொரு அம்மாவையும் ஆறு வாரத்துல மனசு எப்படியிருக்குன்னு கேக்கணும். எடின்பர்க் கேள்வித்தாள்னு பத்தே கேள்வி, 1987-லிருந்து புழக்கத்துல இருக்கு. நம்ம ஊருல தையலைப் பார்க்கிறோம், தடுப்பூசி தேதி குறிக்கிறோம், அம்மாவை அனுப்பிடறோம். இதுல உங்க கோவம் நியாயம்.


கணக்குப்புள்ள_பாலக்கோடு
புதன், இரவு 9.45

டாக்டர் சார், பாப்பா இப்பத்தான் தூங்கினா. டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்து எழுதுறேன்.

ரத்தம் ஆறு பாட்டில், பிளாஸ்மா நாலுன்னு போட்டிருக்கு. ஐசியூவுல மூணு நாள். ஹீமோகுளோபின் போன மாசம் 10.2. சாயங்காலம் பி.எச்.சி.யில தைராய்டு பார்த்தாங்க, டிஎஸ்எச் 2.1, நார்மல்னு சொல்லிட்டாங்க.

பால் வரலைங்க. ஒரு சொட்டுகூட இல்ல. மார்பு கனக்கவே இல்ல. கருவாடு, பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் குடுத்துப் பார்த்தாங்க. "ஊருக்கே பால் அளக்குறவளுக்கு சொந்தப் புள்ளைக்குப் பால் இல்ல"ன்னு மாமியார் ஒரு தடவை சொன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, வாய் தவறி வந்துச்சு. ஆனா எல்லாத்தையும் மறக்குற எனக்கு அது மட்டும் மறக்கல பாருங்க.

விலக்கும் இன்னும் வரல. வரலைன்னா நல்லதுதானேன்னு விட்டுட்டேன். சித்திரை வெயில்லயும் எனக்குக் குளுருது, போர்வை போத்திக்கிட்டு சொசைட்டிக்குப் போறேன்.


நர்ஸம்மா_பென்னாகரம்
புதன், இரவு 10.10

கண்ணு, நான் முப்பத்தி நாலு வருஷம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர்டு ஆனவ. நீ எழுதினதைப் படிச்சதும் எனக்குத் தூக்கம் போச்சு.

மலை மேல ஒரு ஊருல ஒருத்தி. வீட்டுலயே பிரசவமாகி நஞ்சு விழாம ரத்தமெல்லாம் போயி பொழைச்சவ. அப்புறம் பால் வரல, தூரமாகல, எந்நேரமும் படுக்கை. சோம்பேறின்னு பேரு வச்சாங்க, பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிச்சாங்க. பத்து வருஷம் கழிச்சு ஒரு காய்ச்சல்ல மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனப்பதான் மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி செத்துப் போச்சுன்னு கண்டுபுடிச்சாங்க. நான்தான் அவளுக்கு மாசாமாசம் சத்து மாத்திரை குடுத்தவ. எனக்கே தோணல.

எழுந்து நின்னா தலை சுத்துதா? அக்குள் முடி கொட்டிடுச்சா? வெக்கப்படாத. நாளைக்கே போ.


நைட்டுடூட்டி_மயக்கம்
புதன், இரவு 10.35

நர்ஸம்மா சொன்னதேதான் என் மனசுலயும். அதுக்குத்தான் பால் வந்துச்சான்னு கேட்டேன்.

நர்ஸம்மா சொன்ன அந்தச் சுரப்பி பேரு பிட்யூட்டரி, மொச்சைக்கொட்டை அளவுதான். கர்ப்பத்துல அது பெருக்கும், ஆனா அதுக்கு வர்ற ரத்தம் அழுத்தம் குறைஞ்ச குழாய்ல வருது. பிரசவத்துல ரத்தம் கொட்டி பிரஷர் விழுந்தா முதல்ல காயறது கடைமடை வயல் மாதிரி இதுதான். 1937-ல ஷீஹன்ங்கிற பிரிட்டன் மருத்துவர் விவரிச்சதால ஷீஹன் நோய்னு பேரு. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் (புரோலாக்டின்), விலக்கு, தைராய்டு, உடம்பு நெருக்கடியைத் தாங்க வேண்டிய கார்டிசோல் எல்லாத்துக்கும் தலைமை அங்கதான். கார்டிசோல் குறைஞ்சா சோடியம் இறங்கும். தைராய்டு குறைஞ்சா யோசனை மந்தமாகும். இந்த ரெண்டும் சேர்ந்தா 140 மெம்பர் நம்பர் எப்படி ஞாபகம் நிக்கும்?

"டிஎஸ்எச் நார்மல்" இங்க ஏமாத்தும். தைராய்டைத் தூண்டிவிடுற டிஎஸ்எச்சைச் சுரக்கறதே பிட்யூட்டரிதான். தைராய்டு படுத்துட்டா டிஎஸ்எச் ஏறணும். ஏத்திவிட வேண்டிய ஆளே படுத்துட்டா எண் நடுவுல நின்னு நார்மல் மாதிரியே தெரியும். தைராய்டே சுரக்கிற ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்த்தாத்தான் குட்டு உடையும்.

நாளைக்குக் காலையில எட்டு மணி வாக்குல ரத்தம் குடுங்க. கார்டிசோல், ஃப்ரீ டி4, டிஎஸ்எச், புரோலாக்டின், விலக்குக்கான எஃப்எஸ்எச், எல்எச், அப்புறம் சோடியம், சர்க்கரை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பொது மருத்துவப் பிரிவுல, "பிரசவத்துல ஆறு பாட்டில் ரத்தம் ஏறுச்சு, பால் வரல, விலக்கு வரல"ன்னு இதே வரிசையில சொல்லுங்க. "மறதி"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா சத்து மாத்திரையோட அனுப்பிடுவாங்க. நடுவுல வாந்தி, கடும் தலைசுத்தல், காய்ச்சல் வந்தா காத்திருக்காம 108.

வேறொண்ணாவும் இருக்கலாம். பார்த்துடுவோம்.


ஓசூர்_ஷிஃப்ட்
புதன், இரவு 10.50

"போகப் போக சரியாயிடும்"னு முதல் பதில் போட்டது நான்தான். மன்னிச்சுக்கோங்க சகோ. போயிட்டு வந்து எழுதுங்க.


கணக்குப்புள்ள_பாலக்கோடு
பதினாறு நாள் கழித்து, இரவு 9.00

லேட்டா வந்ததுக்கு மன்னிக்கணும். அட்மிட் பண்ணிட்டாங்க, ஃபோன் வீட்டுக்காரர்கிட்ட இருந்துச்சு.

காலை கார்டிசோல் 2.1 (நார்மலுக்கு ரொம்பக் கீழன்னாங்க). ஃப்ரீ டி4 கம்மி. சோடியம் 126. புரோலாக்டின் இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. தலைக்கு எம்ஆர்ஐ எடுத்ததுல சுரப்பி இருக்க வேண்டிய குழி காலியா கிடக்குதுன்னு படத்துல காட்டினாங்க. ஷீஹன்தான்.

முதல்ல கார்டிசோலுக்குப் பதிலா குடுக்குற ஹைட்ரோகார்டிசோன் மட்டும் ஆரம்பிச்சாங்க. தைராய்டு மாத்திரை ஏன் இல்லன்னு கேட்டேன். கார்டிசோல் இல்லாத உடம்புல தைராய்டு மாத்திரையை முன்னாடி குடுத்தா ஆபத்துன்னு சொல்லி சில நாள் கழிச்சுத்தான் குடுத்தாங்க. ஆயுசுக்கும் போடணுமாம். காய்ச்சல் வந்தா ஹைட்ரோகார்டிசோன் அளவை ரெட்டிப்பாக்கணும், ஒரு வேளைகூட விடக் கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. அதை லேமினேட் பண்ணி மணிபர்ஸுல வச்சிருக்கேன்.

நாலாவது நாளே போர்வை வேண்டாம்னு தோணுச்சு. நேத்து சொசைட்டிக்குப் போனேன். 37, 112, 64 மூணும் கேக்காம வந்துச்சு. 89 வரல, கேட்டுத்தான் எழுதினேன்.

பால் இனி வராதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உங்க மேல தப்பில்ல, ஆபரேஷன் மேலயும் தப்பில்ல, அன்னைக்குப் போன ரத்தம்தான்னு சொன்னாங்க. வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை அவங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினாரு. அத்தை ஒண்ணும் பேசல. ராத்திரி பாப்பாவுக்குப் புட்டிப்பால் அவங்களே ஆத்தி எடுத்துட்டு வந்து, "நீ படு, நான் பாத்துக்குறேன்"னாங்க.

நர்ஸம்மா, டாக்டர் சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.


நர்ஸம்மா_பென்னாகரம்
அதே நாள், இரவு 9.20

சீட்டு ஒண்ணு வீட்டுக்காரர் சட்டைப் பையிலயும் இருக்கட்டும் கண்ணு. நீ மயங்கிக் கிடந்தா உன் மணிபர்ஸை யாரு தொறப்பா?


தேன்கனிக்கோட்டை_டீச்சர்
அதே நாள், இரவு 9.45

14416-க்குப் பேசினேன். வரும் சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். இங்கே எழுதி வைத்தால் போகாமல் இருக்க மாட்டேன் என்பதற்காக எழுதுகிறேன்.


அரூர்_மூலிகை
அதே நாள், இரவு 10.15

அம்மா, நல்லபடியா இருங்க. டாக்டரய்யா, கூடவே வல்லாரை சாப்பிடலாம் இல்லீங்களா?


நைட்டுடூட்டி_மயக்கம்
அதே நாள், இரவு 11.40

துவையலா அரைச்சு களிக்குத் தொட்டுக்கிட்டா அருமையா இருக்கும் ஐயா. காலை மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடச் சொல்லுங்க.